மல்லிகை மொட்டும் மோலும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரி மல்லியைக் கிலோவில்தான் நிறுத்துத் தருவார்கள். வாங்கிப்போய் உட்கார்ந்து தொடுக்கிறவருக்குக் கிலோவால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது எண்ணிக்கை. ஒரு கண்ணிக்கு இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரால் ஒரு சுருக்கு. வாங்குவது எடையில், கட்டுவது எண்ணிக்கையில்.

வேதியியலில் டஜன் போல ஓர் எண்ணிக்கை அலகான மோல் என்பதும் இதே சங்கதிதான். அணுக்களும் மூலக்கூறுகளும் வினைபுரிவது எண்ணிக்கையில். நமக்கு நிறுக்கத்தான் தெரியும், எண்ணத் தெரியாது. நடுவில் ஒரு மாற்றுக் கணக்கு தேவை. பதினோராம் வகுப்பில் வேதியியல் பிடிபடவில்லை என்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் எடையையும் எண்ணிக்கையையும் குழப்பிக்கொண்டவர்கள். சூத்திரம் தெரியாமல் மார்க் போவது குறைவு. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் போவதுதான் அதிகம்.

பூவிலேயே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 100 மல்லி மொட்டு 25 கிராம், 100 கனகாம்பரம் 7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணிக்கு மல்லி 4, கனகாம்பரம் 2. ஒரு கிலோ மல்லி என்றால் 4000 மொட்டு, அதாவது 1000 கண்ணி. அதற்குக் கனகாம்பரம் 2000 வேண்டும். எடையில் 140 கிராம். மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் எண்ணிக்கை விகிதம் 2:1, எடை விகிதம் 1000:140. இரண்டும் ஒன்றல்ல. இந்த ஒரு வரி மண்டையில் ஏறிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இப்போது 1 கிலோ மல்லியும் 200 கிராம் கனகாம்பரமும் இருக்கிறது. எது முதலில் தீரும்? எடை குறைவாக இருப்பதால் கனகாம்பரம் என்று கை தூக்குவார்கள். 200 கிராமில் 2857 பூ இருக்கிறது, 1428 கண்ணிக்கு வரும். மல்லியோ 1000 கண்ணியோடு தீர்ந்துவிடும். ஆக மல்லிதான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. எடை அதிகமாக இருந்தும் அதுதான் முதலில் காலி.

இதையே ஹைட்ரஜன், ஆக்சிஜனில் வைத்துப் பாருங்கள். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் கொடுத்து எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 2 கிராம், ஆக்சிஜனுக்கு 32. அதாவது 2 மோல் ஹைட்ரஜன், அரை மோல் ஆக்சிஜன். சமன் செய்த சமன்பாட்டில் 2 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் ஆக்சிஜன் வேண்டும். இருப்பது அரை மோல். ஆகவே 16 கிராம் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோக, 4 கிராமில் 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். தண்ணீர் 1 மோல், 18 கிராம். 18-ம் 2-ம் 20, தொடக்கத்திலும் 20. எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் மோலைக் கூட்டிப் பாருங்கள்: தொடக்கத்தில் இரண்டரை, முடிவில் 1 மோல் தண்ணீரும் 1 மோல் ஹைட்ரஜனுமாக இரண்டு. வினையில் எடை மாறாது, மோல் எண்ணிக்கை மாறலாம். நாலு மொட்டும் இரண்டு கனகாம்பரமும் சேர்ந்து ஒரு கண்ணி ஆவதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இங்கே மட்டும் வருகிறது.

அவகாட்ரோ எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. 6.022 × 10²³ என்று படிக்கிறோம். 2019 மே 20 முதல் அது அளந்து கண்டுபிடிக்கிற எண் அல்ல, 6.02214076 × 10²³ என்று வரையறுத்தே விட்டார்கள். டஜன் என்றால் 12 என்பது போல மோல் என்றால் இவ்வளவு. 180 மி.லி. தண்ணீர், ஒரு டம்ளர் என்று வையுங்கள், அது 10 மோல். அணு நிறை 12 என்பதும் மோலார் நிறை 12 கிராம் என்பதும் எண்ணில் ஒன்றாக வரும், பொருளில் வேறு: முதலாவது ஓர் அணுவைப் பற்றியது, இரண்டாவது ஒரு மோல் அணுவைப் பற்றியது. விடைத்தாளில் அலகு எழுதாமல் விடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

காளவாசலில் இருந்து வெற்றிலைப் பெட்டி வரை

காளவாசல் என்றவுடன் மதுரைக்காரர்களுக்கு பைபாஸ் ரோட்டு சிக்னல்தான் ஞாபகம் வரும். சொல்லின் பொருள் சூளை. சுண்ணாம்புக் காளவாசலில் நடப்பதைப் போல அடிப்படை வேதியியலைக் கற்றுத்தர வேறு உதாரணம் இல்லை என்பது என் கட்சி.

கல்லோ கிளிஞ்சலோ, உள்ளே இருப்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் ஒன்று (40), கார்பன் ஒன்று (12), ஆக்சிஜன் மூன்று (48), மொத்தம் 100. மனக்கணக்குக்கு இதைவிட வசதியான சேர்மம் கிடையாது. 900 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறினால் அது இரண்டாகப் பிரியும்: 56 கிராம் கால்சியம் ஆக்சைடு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. இதுதான் சிதைவு வினை. வெப்பம் உள்ளே போகிறது, ஆகவே வெப்பம் கொள் வினை. 1000 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 560 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் வெளியே வரும். மீதி 440 கிலோ புகையோடு காற்றில் போய்விட்டது. "பொருள் அழிந்துவிட்டதா?" என்று கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றுவதை நீற்றுவது என்கிறோம். 56 கிராமுக்கு 18 கிராம் தண்ணீர் சேர்ந்து 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. இந்த முறை வெப்பம் வெளியே வருகிறது: மோலுக்கு ஏறத்தாழ 65 கிலோஜூல். 200 மி.லி. தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 59 கிலோஜூல் போதும். அதாவது இரண்டு கைப்பிடி கூட வராத 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற சூட்டை உள்ளே வைத்திருக்கிறது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க நீற்றும்போது பானை ஏன் புஸ் என்று சீறித் தெறிக்கிறது என்பதற்கு விடை இதுதான். 18 கிராம் தண்ணீர் போதும் என்று கணக்குச் சொன்னாலும் அந்தச் சூட்டில் பாதி ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் எப்போதும் தாராளமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. தெறிப்பது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. எலுமிச்சையை வைத்து நடுநிலையாக்கலாம் என்று யோசிக்கவே கூடாது.

வெற்றிலையில் தடவுவது இந்த நீற்றின சுண்ணாம்புதான். சுவரில் அடித்தால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகி இறுகும். கல் சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிறது. 100, 56, 74, மறுபடி 100. இந்த நாலு எண்ணையும் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டாலே மோலார் நிறை, சேர்க்கை வினை, சிதைவு வினை, வெப்ப மாற்றம் எல்லாம் பழகிவிடும்.

அமிலம் - காரம் பாடத்துக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆரத்திக்கு ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அது நிறங்காட்டி வேலை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவப்பு, அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சள். ஆலத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நிறம் திரும்பும். குழம்புக் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டதும் சிவப்பதும் இதே காரணத்தால்தான். கறை கூடிவிட்டதென்று பதறாமல் நல்ல தண்ணீரில் அலசினால் மஞ்சளுக்கு வந்துவிடும். வெற்றிலை போட்டு வாய் சிவப்பது மட்டும் வேறு கதை, அது பாக்கு செய்கிற வேலை. இரண்டையும் ஒன்றாக எழுதக்கூடாது.

சுண்ணாம்பு நீர் ஏன் தெளிவதில்லை

பாடப்புத்தகச் சோதனைகளில் அடிக்கடி சொதப்புகிற ஒன்று: "கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் சுண்ணாம்பு நீர் பால்போல மாறும், தொடர்ந்து செலுத்தினால் தெளியும்." முதல் பாதி எப்போதும் நடக்கும். இரண்டாம் பாதி பல வகுப்புகளில் நடக்காது. ஆசிரியர் வாயால் சொல்லி ஒப்பேற்றிவிடுவார்.

காரணம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.7 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் கரையும். (சூடான தண்ணீரில் இன்னும் குறைவாகக் கரையும். சர்க்கரை மாதிரி நினைத்துக்கொண்டு வெந்நீரில் கலக்குவது தப்பு.) 1.7-ஐ 74-ஆல் வகுத்தால் 0.023 மோல். இந்த நீரில் 20 மி.லி. எடுத்தால் உள்ளே 0.00046 மோல். அதை முழுக்கப் பாலாக்க அதே அளவு மோல் வாயு போதும். அறை வெப்பநிலையில் அது 11 மி.லி. நாம் விடுகிற மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம் என்பதால் 280 மி.லி. மூச்சு. சாதாரணமாக ஒரு தடவை விடும் மூச்சே அரை லிட்டர். குமிழியாக ஓடித் தப்புவது போக, நாலைந்து தடவை ஊதினால் பாலாகிவிடும்.

தெளிவதற்கு அந்தப் பால், அதாவது கரையாமல் மிதக்கும் கால்சியம் கார்பனேட், கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைய வேண்டும். அதற்கு வாயு வெறுமனே இருந்தால் போதாது, செறிவாக இருக்க வேண்டும். சுத்தமான கார்பன் டை ஆக்சைடை வளிமண்டல அழுத்தத்தில் செலுத்தினாலே கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு 0.01 மோலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கரையும். நம்மிடம் இருப்பதோ 0.023. மூச்சுக்காற்றில் நாள் முழுக்க ஊதினாலும் நடக்காது. வழி இது: தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு பங்குக்கு நாலு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து நீர்த்துக்கொள்ளுங்கள். 4 கிராம் ஆப்பசோடாவில் 60 மி.லி. வினிகரை ஊற்றினால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். அதைக் குழாய் வழியே செலுத்துங்கள். முதலில் பாலாகி, சில நிமிடத்தில் தெளியும். அதைக் கொதிக்க வைத்தால் மறுபடி கலங்கும். வாயால் ஊதுகிற சோதனை என்றால் ஸ்ட்ராவை உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும்தான். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

தெளிந்தது மறுபடி கலங்கியதே, அதுதான் நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்திலும் நடக்கிறது. போர் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச அடியில் வெள்ளையாகப் படிகிறதை உப்புக்கறை என்கிறோம். சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். நிலத்தடியில் பைகார்பனேட்டாகக் கரைந்து வந்தது, சூட்டில் வாயுவை விட்டுவிட்டுப் படிகிறது. தற்காலிகக் கடினத்தன்மை என்று புத்தகம் சொல்வது இதைத்தான். காய்ச்சினால் போகிற கடினம் அது. சல்பேட், குளோரைடாக இருப்பது காய்ச்சினாலும் போகாது. அது நிரந்தரக் கடினத்தன்மை.

எடுப்பதற்கும் மோல் கணக்கு உண்டு. 1 கிராம் படிவு என்பது 0.01 மோல். கார்பனேட் ஒன்றுக்கு அசிட்டிக் அமிலம் இரண்டு வேண்டும், ஆக 0.02 மோல். 5 சதவீத வினிகர் லிட்டருக்கு 0.83 மோல், 24 மி.லி. போதும் என்று கணக்கு. கடைசிக் கட்டத்தில் வினை மந்தமாகிவிடும் என்பதால் 50 மி.லி. ஊற்றி இளஞ்சூட்டில் அரைமணி விட்டால் சுரண்டாமல் வரும். டாய்லெட் கழுவுகிற ஆசிட்டைச் சமையல் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பிராக்டிகலில் போர் தண்ணீர்

தரம் பார்த்தலுக்கு, அதாவது செறிவு தெரிந்த கரைசலை வைத்துத் தெரியாததன் செறிவைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். பெர்மாங்கனேட்டும் ஆக்ஸாலிக் அமிலமும் பன்னிரண்டாம் வகுப்பில் தப்பாமல் வரும்.

திட்டக் கரைசலில் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) தொடங்கும் முதல் தப்பு, ஆக்ஸாலிக் அமிலத்தின் மோலார் நிறையை 90 என்று எடுப்பது. பாட்டிலில் இருக்கும் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 90-ம் 36-ம் 126. 0.05 மோலாரில், அதாவது லிட்டருக்கு 0.05 மோல் செறிவில், 100 மி.லி. வேண்டுமானால் 0.63 கிராம் நிறுக்க வேண்டும். 90 வைத்து 0.45 கிராம் நிறுத்தால் கிடைப்பது 0.036 மோலார்தான். அதன் பிறகு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் விடை வராது. 0.63 கிராமை முதலில் சிறு பீக்கரில் கரைத்து, 100 மி.லி. அளவுக் குடுவைக்கு மாற்றி, பீக்கரை இரண்டு மூன்று தடவை அலசி அதையும் குடுவையிலேயே ஊற்றி, கடைசியில் கோடு வரை நிரப்ப வேண்டும். 100 மி.லி. தண்ணீரை அளந்து அதில் 0.63 கிராம் போடுவது மோலாரிட்டி ஆகாது. மோலாரிட்டி என்பது கரைசலின் மொத்தக் கன அளவுக்கு, கரைப்பானின் அளவுக்கு அல்ல. கரைப்பானின் கிலோவுக்குச் சொன்னால் அது மோலாலிட்டி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் கரைசல் சூடேறி விரிந்தால் மோலாரிட்டி குறையும், மோலாலிட்டி அசையாது.

இரண்டாவது தப்பு நம் ஊருக்கென்றே அமைந்தது. காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோய், ஆக்ஸாலிக் அமிலத்தைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தால் கரைசல் லேசாகக் கலங்கும். அழுக்கு என்று விட்டுவிடுவார்கள். கலங்கியது கால்சியம் ஆக்ஸலேட். கணக்கைப் பாருங்கள்: கால்சியத்தால் வரும் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகச் சொன்னால், லிட்டருக்கு 250 மி.கி. என்று வையுங்கள். போர் தண்ணீரில் இது அதிசயமான அளவு அல்ல. 100-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 2.5 மில்லிமோல் கால்சியம். நம் கரைசலில் ஆக்ஸலேட் லிட்டருக்கு 50 மில்லிமோல். ஒன்றுக்கு ஒன்று என்று வீழ்படிவானால் 50-ல் 2.5 போச்சு. ஐந்து சதவீதம்! வீழ்படிவு அடியில் தங்கிவிட, மேலே இருக்கும் தெளிந்த நீரைப் பிப்பெட்டில் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) எடுத்தால் பியூரெட் (பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விடும் அளவுக் குழாய்) அளவு 20 மி.லி. வர வேண்டிய இடத்தில் 19 மி.லி. வரும். மூன்று தடவையும் ஒரே மாதிரி 19 வரும் என்பதுதான் கொடுமை. இசைவான அளவு கிடைத்துவிட்டதே என்று நம்பி எழுதிவிடுவார்கள். மூன்று அளவும் ஒத்துப்போனால் கை சுத்தம் என்று அர்த்தம். கரைசல் சுத்தம் என்று அர்த்தமில்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும். அதில் தண்ணீர் மிச்சம் இருந்தால் பாதகமில்லை, ஏனென்றால் உள்ளே போகும் மோல் எண்ணிக்கையைப் பிப்பெட் தீர்மானித்துவிட்டது. கரைசலால் அலசினால்தான் கூடுதல் மோல் உள்ளே போய்க் கெடுக்கும். பிப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. பியூரெட் மூக்கில் குமிழி இருக்கிறதா பார்த்து, புனலை எடுத்துவிட்டுத்தான் அளவு குறிக்க வேண்டும். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பைப் படியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் அதையேதான்.

20 மி.லி. ஆக்ஸாலிக் அமிலத்தோடு ஏறத்தாழ அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 - 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது. குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். நைட்ரிக் அமிலமும் கூடாது, அதுவே ஓர் ஆக்சிஜனேற்றி. முதல் துளி விழுந்ததும் நிறம் உடனே மறையாது. பயந்துவிடாமல் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனி அதே வினைக்கு வினையூக்கி ஆகிவிடுவதால், கொஞ்ச நேரத்தில் துளி விழுந்த மாத்திரத்தில் மறையத் தொடங்கும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவு. பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது சூடு ஆறிவிட்டது, அல்லது அவசரப்பட்டு ஊற்றிவிட்டீர்கள். அது மாங்கனீசு டை ஆக்சைடு. அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

கணக்கில் மறுபடி கண்ணி வருகிறது. பெர்மாங்கனேட் 2-க்கு ஆக்ஸாலிக் அமிலம் 5. 0.05 மோலார் ஆக்ஸாலிக் அமிலம் 20 மி.லி.க்கு, பெர்மாங்கனேட் 19.5 மி.லி. செலவானால், ஆக்ஸாலிக் அமிலம் 1 மில்லிமோல், பெர்மாங்கனேட் 0.4 மில்லிமோல், ஆக 0.0205 மோலார். விகிதத்தை மறந்து இரு பக்கமும் கன அளவையும் மோலாரிட்டியையும் பெருக்கிச் சமன் வைத்தால் 0.0513 வரும், இரண்டரை மடங்கு தப்பு. நார்மாலிட்டியில் (லிட்டருக்கு எத்தனை சமான எடை என்று சொல்லும் செறிவு) இந்தத் தப்பு வராது, 5-ம் 2-ம் சமான எடையிலேயே அடங்கிவிடுகிறது: பெர்மாங்கனேட்டுக்கு 31.6, ஆக்ஸாலிக் அமிலத்துக்கு 63. வசதிதான். ஆனால் எதற்காக 5-ஆல் வகுக்கிறோம் என்று தெரியாமலே விடை வந்துவிடுவதால் எனக்கு நார்மாலிட்டி மேல் பெரிய மரியாதை இல்லை. முதலில் மோலில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நார்மாலிட்டிக்கு வரலாம்.

வேலை முடிந்ததும் பியூரெட்டைத் தண்ணீரில் மட்டும் கழுவி வைத்தால் இரண்டே நாளில் உள்ளே பழுப்புக்கறை பிடிக்கும். மிச்சமான ஆக்ஸாலிக் அமிலத்தை லேசாகச் சூடாக்கி, நீர்த்த கந்தக அமிலம் சில துளி விட்டு பியூரெட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். சின்னச் சின்னக் குமிழியாகக் கார்பன் டை ஆக்சைடு மேலே வரும், கறை கரைந்துபோகும். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு தடவை அலசி, தலைகீழாகக் கவிழ்த்து ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.